புளியங்கொட்டை ஏமாற்றிய மரபியல் வகுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

900 வீச்சில் வெள்ளை–வெள்ளை 149 முறைதான் விழுந்திருந்தது. மரபு விதிகளைக் கண்ட மெண்டலின் கணக்குப்படி நான்கில் ஒன்று, அதாவது 225 விழ வேண்டும். தாவரவியல் மேடம் இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு பையனை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது பன்னிரண்டாம் வகுப்பு முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் இரண்டு புளியங்கொட்டை.

"சார், உங்க ஐடியாதான் இது. இப்ப மெண்டல் தப்புன்னு சொல்றாங்க. நான் என்ன சொல்றது?" என்றார் மேடம்.

எனக்கும் உடனே பதில் வரவில்லை. அந்தப் பிற்பகலில் தொடங்கி அந்தக் கல்வியாண்டு முடியும்வரை மூன்று பாடங்களுக்கு நாங்கள் செய்து பார்த்த வகுப்பறைக் கருவிகளைப் பற்றியது இந்த ஆய்வு. மூன்றுமே ஏதோ ஓரிடத்தில் பொய் சொன்னவை. அந்த இடத்தைப் பிள்ளைகள் பிடித்த பிறகுதான் பாடம் நகர்ந்தது. நான்காவதாக ஒன்று செய்தோம், அது படுத்தேவிட்டது. அதையும் சொல்கிறேன்.

பள்ளியும் பாடமும்

தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. உயிரியல் பிரிவில் 40 பேர், தமிழ் வழி. பாதிப் பேர் வீட்டில் ராகி, தக்காளி, புளி என்று ஏதோ ஒரு விவசாயம். மீதிப் பேரின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையிலோ ஓசூர் கம்பெனியிலோ இருப்பார்கள். பிள்ளை பாட்டி வீட்டில் வளரும்.

மேல்நிலை உயிரியலுக்கு இங்கே இரண்டு புத்தகம், இரண்டு ஆசிரியர். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் தாவரவியல் 35, விலங்கியல் 35. மெண்டல் தாவரவியல் பக்கம் வருகிறார். மூலக்கூறு மரபியலும் வம்சாவளிப் படமும் பரிணாமமும் என் பக்கம். ஒரே மரத்தின் வேரை ஒருவரும் கிளையை ஒருவரும் நடத்துகிற மாதிரிதான். ஸ்டாஃப் ரூமில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி அமைந்ததால் இந்த வேலை நடந்தது. வேறு திட்டமெல்லாம் கிடையாது.

கருவி இல்லாமலும் இல்லை. ஹைடெக் லேபில் வீடியோ ஓடும். பாடநூலில் க்யூஆர் கோடு உண்டு. ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு தெர்மோகோல் டி.என்.ஏ. மாதிரி இருக்கிறது. நான்கு நிறம், ஜிகினா, கண்காட்சியில் பரிசு வாங்கியது. ஆறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே நடத்தினேன். ஒரு நாள் தூசு தட்டும்போதுதான் உறைத்தது, அது இடப்பக்கம் சுற்றுகிறது. நம் செல்களில் பெரும்பாலும் இருக்கும் டி.என்.ஏ. வலஞ்சுழி. கடையில் வாங்கும் சாதாரண போல்ட்டை நிறுத்திப் பிடித்தால் முன்பக்க மரை இடமிருந்து வலமாக ஏறும், டி.என்.ஏ.வும் அப்படித்தான் ஏற வேண்டும். தலைகீழாகத் திருப்பினாலும் அது மாறாது. பரிசு கொடுத்த நடுவர்களோ நானோ ஆறு வருடம் அதைத் தொட்ட பிள்ளைகளோ யாரும் கவனிக்கவில்லை. பார்க்க அழகாக இருந்தது, அதனால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கொட்டை

எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் எந்தத் திண்ணையில் பார்த்தாலும் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். கொட்டைக்குத் தனி விலை உண்டு, ஜவுளி ஆலைக் கஞ்சிக்குப் போகிறது. தாயக்கட்டை இல்லாத வீட்டில் கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் ஆடுவார்கள். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இது மாறுபட்ட இரண்டு அல்லீல்களை, அதாவது ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்களைச் சுமக்கும் ஒரு பெற்றோர்தானே என்று. கறுப்பு ஓங்கு, ஒன்று இருந்தாலே வெளியே தெரியும்; வெள்ளை ஒடுங்கு, இரண்டும் சேர்ந்தால்தான் தெரியும். இரண்டு கொட்டையைக் குலுக்கி வீசினால் அது ஒரு கலப்பு. மேலே தெரிகிற இரண்டு முகமும் சேர்ந்தது பிள்ளை. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் மட்டும் குட்டைச் செடி.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. ஓங்கு அல்லீலுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, ஒடுங்கு அல்லீலுக்குச் சின்ன எழுத்து என்பது வழக்கம். கையெழுத்தில் எஸ், சி, டபிள்யூ போன்றவை பெரிதா சின்னதா என்று எழுதியவருக்கே தெரியாது. விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். ஒரு மாணவி சொன்னாள், "சார், நெடில் குறில் வெச்சுக்கலாமே. நெட்டைக்கு கா, குட்டைக்கு க." வகுப்பில் அந்த வருடம் முழுக்க அப்படித்தான் எழுதினோம். பொதுத்தேர்வுக்கு மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

சரி, வீச்சுக்கு வருவோம். 20 ஜோடி, ஜோடிக்கு 50 வீச்சு. எல்லோரும் எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு மட்டும் உறுத்தின. ஒன்றில் 38–12, இன்னொன்றில் 37–13. பாடப்புத்தகத்துக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி எண். கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள், அவர்கள் வீசவே இல்லை. மூன்றுக்கு ஒன்று என்பது தெரிந்த விடை, அதற்கு ஏற்றாற்போல் எண்ணைப் போட்டுவிட்டார்கள். நான் திட்டவில்லை. மெண்டலின் எண்களே கொஞ்சம் அதிகமாகப் பொருந்துகின்றன என்று 1936-ல் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் கணக்குப் போட்டுச் சொன்னதை மட்டும் சொன்னேன். மெண்டலின் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. விகிதம் 2.96. அந்த இரண்டு பையன்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மீதி 18 ஜோடியின் 900 வீச்சுத்தான் முதலில் சொன்ன கணக்கு. கறுப்பு தெரிந்தது 751, வெள்ளை–வெள்ளை 149. மூன்றுக்கு ஒன்று என்பது ஐந்துக்கு ஒன்றாகிவிட்டது. எதிர்பார்த்த எண்ணிலிருந்து வந்த எண் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் கைவர்க்கச் சோதனை போட்டுப் பார்த்தால் 34 வருகிறது, 3.84-ஐத் தாண்டினாலே தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஆக, ஒன்று மெண்டல் தப்பு, அல்லது கொட்டை தப்பு.

கடைசி வரிசையில் ஒருவன், தாயத்தில் யாரும் அவனை ஜெயித்ததில்லை என்று பின்னால் தெரிந்தது, கொட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னான். "சார், தேய்ச்ச பக்கம் தட்டையா இருக்கு. அது கீழதான் போகும். கறுப்புதான் அதிகமா விழும். எங்க பாட்டிக்கே தெரியும்."

பாட்டிக்குத் தெரிந்தது முதுகலை விலங்கியல் படித்த எனக்குத் தெரியவில்லை. ஒற்றைக் கொட்டையை ஒவ்வொருவரும் வீசி எண்ணினோம். பத்துக்கு ஆறு தடவை கறுப்பு, நான்கு தடவை வெள்ளை. இரண்டு கொட்டையும் வெள்ளையாக விழும் வாய்ப்பு 0.4 × 0.4, அதாவது 0.16. 900-க்கு 144. எங்களுக்கு வந்தது 149.

அதை எழுதி முடித்தபோது மேடமும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கரும்பலகையில் இருந்தது என் ஆறாம் பாடம். கறுப்பின் பங்கு பி 0.6, வெள்ளையின் பங்கு க்யூ 0.4. பி² 0.36, 2பிக்யூ 0.48, க்யூ² 0.16. ஹார்டி என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளரும் வீன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவரும் 1908-ல் ஒருவரை ஒருவர் அறியாமல் சொன்ன, அல்லீல்களின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை மாறாது என்கிற சமநிலை. மெண்டலுக்குச் செய்த கருவி மெண்டலுக்கு உதவாமல், யாரும் புரிந்துகொள்ளாமலே மனப்பாடம் செய்கிற ஒரு சூத்திரத்துக்கு உதவியது. மூன்றுக்கு ஒன்று என்பது இரண்டு அல்லீலும் சரிசமமாக இருக்கும்போது மட்டும் வருகிற தனி நிகழ்வு என்று அன்றைக்கு 40 பேருக்கும் புரிந்தது. அதுவரை அந்த வாக்கியத்தை நானே அப்படிச் சொன்னதில்லை.

ஆகஸ்டில் பரிணாமம் வந்தபோது கொட்டையை விட்டுவிட்டு ஒரு மஞ்சப்பை எடுத்துக்கொண்டேன். தையல்காரரிடம் ஒரே அளவில் 60 கறுப்பு, 40 வெள்ளைச் சட்டைப் பட்டன். முதலில் வறுத்துத் தோல் நீக்கிய கொட்டையையும் தோலோடு இருக்கும் கொட்டையையும் கலந்து பார்த்தேன். விரல் தடவியே வித்தியாசத்தைக் கண்டுபிடித்து வேண்டியதை எடுத்துவிட்டார்கள். பட்டனில் அந்தத் தொல்லை இல்லை. பைதான் மரபணுத் தொகுப்பு. பார்க்காமல் இரண்டு எடுத்தால் ஒரு பிள்ளை. எழுதிக்கொண்டு திரும்பப் போட வேண்டும்.

முதல் சுற்று சும்மா. இரண்டாவது சுற்றில் பத்தே பத்துப் பிள்ளை எடுக்க வைத்தேன். ஒரு குழுவுக்கு வெள்ளை 0.25 வந்தது, இன்னொரு குழுவுக்கு 0.55. சின்னக் கூட்டத்தில் தற்செயலாகவே அல்லீல்களின் பங்கு மாறிப்போவதற்கு மரபியல் நகர்வு என்று பெயர்; அதைக் கரும்பலகையில் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. மலைமேல் பத்து வீடு மட்டும் இருக்கிற ஊரை அவர்களே உதாரணம் சொன்னார்கள்.

மூன்றாவது சுற்றில் வெள்ளை–வெள்ளைப் பிள்ளைகள் எல்லாம் சாகும். எத்தனை தலைமுறையில் வெள்ளை ஒழியும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னேன். மூன்று, நான்கு என்றார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 0.4 முதல் தலைமுறையில் 0.29 ஆகும், அடுத்து 0.22. பத்துத் தலைமுறை கழித்தும் 0.08 மிச்சம். வெள்ளை, கறுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஒடுங்கு நோய்கள் ஏன் குடும்பத்தில் திடீரென்று முளைக்கின்றன என்பதை இதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியாது.

ஹார்டி–வீன்பெர்க் பாடத்தில் ஐந்து நிபந்தனை வரும். அதில் 'தற்செயல் இனச்சேர்க்கை' என்பதை வழக்கமாக வேகமாகக் கடந்துவிடுவேன். இந்தத் தடவை முடியவில்லை. முன் பெஞ்சிலிருந்தே கேள்வி வந்தது. "சார், எங்க ஊர்ல யாரும் பையில கைய விட்டு எடுக்கறதில்லையே. அக்கா மகள், மாமன் மகள்னு பார்த்துத்தானே கட்டறாங்க?" வகுப்பில் பலருடைய பெற்றோரே அப்படிக் கட்டியவர்கள். அதனால் யார் வீட்டையும் பேசாமல் எண்ணை மட்டும் பேசினோம். தாய்மாமன்–அக்கா மகள் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு உட்கலப்புக் கெழு, அதாவது இரண்டு அல்லீலும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒன்றாகவே இருக்கும் வாய்ப்பு, எட்டில் ஒன்று. க்யூ²-உடன் பிக்யூவில் எட்டில் ஒரு பங்கு கூடும். 0.16 என்பது 0.19 ஆகும். இவ்வளவுதானா என்று முகம் தொங்கியது. அப்புறம் ஒடுங்கு அல்லீல் நூற்றுக்கு ஒன்றுதான் என்று வைத்துப் போடச் சொன்னேன். பத்தாயிரத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு பத்தாயிரத்தில் பதின்மூன்றைத் தாண்டியது. அல்லீல் எவ்வளவு அரிதோ அவ்வளவு பெருகுகிறது. அன்று மணி அடித்த பிறகும் இரண்டு பெண்கள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். என்ன அல்லீல், யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

களி

லாக் ஓபரான், சேர்ந்தே இயங்குகிற ஒரு மரபணுக் கூட்டம். கண்டு சொன்னவர்கள் ஜேக்கப், மோனாட், 1961. எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியா, பால் சர்க்கரையான லாக்டோஸ் இருந்தால் மட்டும் அதைச் செரிக்கும் நொதிகளைச் செய்கிறது. இல்லாவிட்டால் அடக்கிப் புரதம் இயக்கி என்ற டி.என்.ஏ. பகுதிமேல் உட்கார்ந்துகொண்டு வழியை மறிக்கிறது. பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்குத் தோதான பாடம். படம் போட்டு ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் 'அடக்கி இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்று திருப்பிக் கேட்டால் வகுப்பே சுவரைப் பார்க்கும்.

வராண்டாவில் சாக்பீஸால் டி.என்.ஏ. கோடு போட்டேன். பாலிமரேஸ் வந்து ஏறும் முன்னியக்கி, இயக்கி, அப்புறம் இசட், ஒய், ஏ என்ற மூன்று மரபணுக்கள் என்று கட்டம். ஒருவன் மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ், கோட்டின்மேல் நடந்து வர வேண்டும். ஒருத்தி அடக்கி, இயக்கிக் கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். லாக்டோஸ் அட்டை கைக்கு வந்தால் விலகுவாள். இதுவரை எல்லா ஆசிரியரும் செய்வதுதான். நான் சேர்த்தது களி மட்டும். வீட்டில் சோறு இருந்தால் யாரும் களி கிண்ட மாட்டார்கள். குளுக்கோஸ் சோறு, லாக்டோஸ் ராகி மாவு, நொதிகள் பானையும் துடுப்பும். சோறு இல்லை, மாவு இருக்கிறது என்றால் மட்டும் பானை அடுப்பில் ஏறும்.

இரண்டு முறை ஓட்டினோம், நன்றாகவே ஓடியது. மூன்றாம் முறை அடக்கியாக நின்றவள் நகர மறுத்துவிட்டாள்.

"ஏம்மா, லாக்டோஸ் வந்தாச்சே?"

"எங்க சார் வந்துச்சு? செல்லுக்குள்ள வரணும்னா பெர்மியேஸ் வேணும். பெர்மியேஸ் ஒய் கட்டத்துல இருக்கு. ஒய் ஓடணும்னா நான் நகரணும். நான் நகரணும்னா லாக்டோஸ் உள்ள வரணும். முதல்ல யாரு?"

பதினைந்து வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. படத்தில் லாக்டோஸ் அம்புக்குறியோடு செல்லுக்குள்ளேயே வரைந்திருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கட்டத்தில் நின்று கால் வலித்தால்தான் வரும் போலிருக்கிறது.

விடை இது. அடக்கி பூட்டு மாதிரி ஒரேயடியாக உட்கார்ந்திருப்பதில்லை, அவ்வப்போது டி.என்.ஏ.விலிருந்து கழன்று திரும்ப ஒட்டும். கழன்ற நேரத்தில் பாலிமரேஸ் ஒன்றிரண்டு தடவை ஓடிவிடும். அதனால் லாக்டோஸே இல்லாத செல்லிலும் பெர்மியேஸும் லாக்டோஸைச் செரிக்கும் பீட்டா-காலக்டோசிடேஸும் சொற்பமாக இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சொற்பம்தான் முதல் லாக்டோஸை உள்ளே விடுகிறது. உள்ளே வந்ததில் ஒரு பங்கை அதே பீட்டா-காலக்டோசிடேஸ் அல்லோலாக்டோஸாக மாற்றுகிறது. அடக்கியோடு ஒட்டி அதை விலக்குவது அந்த அல்லோலாக்டோஸ்தான். நாடகத்தைத் திருத்தினோம். அடக்கி இருபது எண்ணியதும் ஒரு முறை உட்கார்ந்து எழலாம். "கால் வலிக்குதுல்ல, அதான்" என்று வகுப்பு அதற்குப் பெயரும் வைத்துவிட்டது. அரையாண்டு விடைத்தாளில் ஒருவன் 'அடக்கி கால் வலித்து உட்காரும்' என்று எழுதியிருந்தான். அரை மதிப்பெண் குறைத்தேன், மனசில்லாமல்.

களியும் தப்பவில்லை. "எங்க தாத்தாவுக்குச் சோறு இருந்தாலும் களிதான் சார் வேணும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவனிடம் சொன்னேன், உன் தாத்தா மாதிரி பாக்டீரியாவும் உண்டு. முன்னியக்கியில் ஏற்படுகிற ஒருவகைச் சடுதிமாற்றத்தால் குளுக்கோஸ் இருந்தாலும் ஓபரான் ஓடும். ஆய்வகங்களில் அதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். உடனே ஆளாளுக்கு ஒரு சொந்தக்காரரைச் சடுதிமாற்றம் ஆக்கினார்கள். மாவே இல்லாத வீட்டில் பானையை அடுப்பில் ஏற்றி வைத்திருக்கும் பாட்டி, அடக்கி மரபணு கெட்டுப்போனவள். மாவு வந்தும் பானையை ஏற்றாத சித்தி, அல்லோலாக்டோஸ் ஒட்ட முடியாத அடக்கி. சித்தி கொஞ்சம் யோசிக்க வைத்தாள். அப்படிப்பட்ட அடக்கியும் உண்மையில் உண்டு, அது இயக்கியை விடவே விடாது.

தேர்வுக்கு இதெல்லாம் வராது. வராததைத்தான் வருடக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பல்

இதை நான் திட்டமிடவில்லை. சொல்லப்போனால் தவிர்க்க நினைத்தேன். எங்கள் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். கீழே இருக்கும் பாறை அப்படி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. பல் முளைக்கும் முன்பே எனாமல் கெட்டு, காவிக் கறையோடு வரும். வகுப்பில் அப்படிப் பல் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அதை வைத்துப் பாடம் எடுப்பது நியாயமாகப் படவில்லை.

ஒரு குடும்பத்தில் ஒரு தன்மை யார் யாருக்கு வந்தது என்று காட்டும் வம்சாவளி வரைபடம் நடத்திக்கொண்டிருந்தேன். சதுரம் ஆண், வட்டம் பெண், நிரப்பியது பாதிக்கப்பட்டவர். தலைமுறை தவறாமல் வந்தால் ஓங்குத் தன்மை என்று சந்தேகிக்கலாம் என்றேன். ஒரு பையன் எழுந்தான். "சார், எங்க வீட்ல தாத்தா, அப்பா, அத்தை, அக்கா, நான், எல்லாருக்கும் பல் காவி. அம்மாவுக்கு மட்டும் இல்ல. அப்ப இது அப்பா வழி ஓங்குத் தன்மையா?"

வரைந்து பார்த்தால் அப்படியேதான் இருந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமான ஓங்கு மரபு. நான் ஒன்றும் சொல்லாமல், "தம்பி இருக்கானா?" என்று கேட்டேன். இருக்கிறான், 2013-ல் பிறந்தவன், பல் வெள்ளை. "அம்மா எந்த ஊர்?" வளர்ந்தது பெங்களூரில். கல்யாணத்துக்குப் பிறகுதான் இங்கே வந்தார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்: "தண்ணி சார்."

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். புளோரைடால் வரும் நோயான புளோரோசிஸைக் குறைப்பது என்பது திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. முன்பற்களின் எனாமல் உருவாவது பிறந்து நான்கைந்து வயதுவரை. பின்பற்களுக்கு எட்டு வயதுவரை போகும். அம்மா அந்த வயதைக் கடந்துதான் இந்தத் தண்ணீரைக் குடித்தார். தம்பிக்கு அந்த வயதில் குழாய் வந்துவிட்டது. ரத்த உறவைக் காட்டும் கோடுகள் அத்தனையும் சரி, ஆனால் ஒரே வீடு, ஒரே கிணறு என்பதைக் காட்ட அந்தப் படத்தில் இடமே இல்லை. படம் பொய் சொன்னது அங்கேதான்.

அன்று முதல் எங்கள் வம்சாவளிப் படத்தில் ஒவ்வொரு சதுரத்துக்கும் வட்டத்துக்கும் கீழே இரண்டு விவரம் சேர்த்தோம்: பிறந்த வருடம், எட்டு வயதுவரை குடித்த தண்ணீர். சொந்த வீட்டை வரையக் கூடாது, கற்பனைக் குடும்பம் மட்டும் என்று விதி வைத்தேன். அதை எல்லோரும் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது, சில கற்பனைத் தாத்தாக்கள் அச்சு அசல் உண்மையாக இருந்தார்கள்.

பிறகு ஒரு கேள்வி வைத்தேன். எனாமல் கெட்டுப்போகும் உண்மையான மரபு நோயும் ஒன்று உண்டு, அமெலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று பெயர். அதுவும் குடும்பத்தில் வரும். ஒரு குடும்பத்தைக் காட்டினால் இது அதுவா, தண்ணீரா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? குழுவாகப் பேசி மூன்று வழி சொன்னார்கள். ஊர் மாறிப் போன சித்தப்பாவின் பிள்ளைகளைப் பார்க்கலாம். வெளியூரிலிருந்து தத்தெடுத்த பிள்ளையைப் பார்க்கலாம். உறவே இல்லாத பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கலாம். மூன்றாவதை நான் யோசித்திருக்கவில்லை. அதுதான் மூன்றிலும் சுலபமானது.

கேள்வி கேட்ட பையன் அன்று மாலை ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான். "சார், அப்ப என் பிள்ளைக்கு வராது, இல்ல?" என்றான். நல்ல தண்ணீர் குடித்தால் வராது என்றேன். தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

ரம்மி

படுத்துவிட்ட நான்காவது, கோடான் ரம்மி. கோடான் அல்லது முக்குறியம் என்பது புரதத்தின் ஒரு கண்ணியான அமினோ அமிலத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கும் மூன்றெழுத்துக் குறி. 64 முக்குறியத்துக்கும் 64 சீட்டு. ஒரே அமினோ அமிலத்துக்கு வருகிறவற்றைச் சேர்க்க வேண்டும், நிறுத்தக் குறியம் மூன்றும் ஜோக்கர். இரண்டு வாரம் ராத்திரியில் உட்கார்ந்து வெட்டி, நிறம் தீட்டினேன். ரம்மி என்ற பெயரைக் கேட்டதும் தலைமையாசிரியர் முகம் மாறியது. 'மரபுக் குறியீட்டு அட்டைகள்' என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. அமினோ அமிலத்துக்கு ஒரு நிறம் என்று நான் தீட்டியிருந்தேன். நிறத்தைப் பார்த்துச் சேர்த்தார்கள், எழுத்தை யாரும் படிக்கவே இல்லை. மூன்றாவது எழுத்து மாறினாலும் அமினோ அமிலம் பெரும்பாலும் மாறாது என்பதுதான் அந்தச் சீட்டுக்கட்டின் ஒரே நோக்கம். அதை என் நிறமே மறைத்துவிட்டது. இடைவேளைக்கு நல்ல விளையாட்டு, அவ்வளவுதான்.

பயன், செலவு, குறை

மதிப்பெண் ஏறியதா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஒரே ஒரு வகுப்பு, ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லை; எண் சொன்னால் அது 38–12 மாதிரிதான் இருக்கும். நான் கவனித்ததை மட்டும் சொல்லலாம். புதிய சூழலை வைத்துக் கேட்கும் கேள்விகளுக்கு வெற்றிடம் விடுவது குறைந்தது. தப்பாக எழுதினாலும் ஏதோ ஒரு காரணத்தோடு எழுதினார்கள். நீட் தேர்வின் 720-ல் 360 உயிரியல், அதற்குப் படிக்கும் நான்கைந்து பேர் ஆரம்பத்தில் முனகினார்கள், நேரம் போகிறது என்று. மரபியல் கணக்குகளில் மட்டும் பின்னால் முனகல் நின்றது. விலங்குலகத் தொகுதிகளுக்கு இப்படி ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே மனப்பாடம்தான் நடந்தது.

செலவு பட்டனும் மஞ்சப்பையும் சாக்பீஸும்தான், 200 ரூபாயைத் தாண்டவில்லை. போன நேரம் அதிகம். ஹார்டி–வீன்பெர்க்குக்கு இரண்டு பிரிவேளை ஒதுக்கியிருந்தேன், ஐந்து பிடித்தது. அந்த மூன்றை உயிரியத் தீர்வு பாடத்திலிருந்து திருடினேன். அந்தப் பாடம் அவசரத்தில் முடிந்தது, அது அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இடம் சுற்றும் டி.என்.ஏ. அலமாரியில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு போல்ட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

மார்ச்சில் பையைக் கொட்டி எண்ணினேன். 100 பட்டனில் 11 காணோம். கறுப்பு 55, வெள்ளை 34. பி இப்போது 0.62. ஜூனில் வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லப் போவதில்லை.